பாடசாலை காணாத ஆசிரியை

காலை மணி அடித்ததும் வகுப்பறையில் மாணவிகள் வரிசையாக அமர்ந்திருக்க, ஓர் ஆசிரியை முன்னால் நின்று பாடம் நடத்துவது நமக்கு நாளாந்தக் காட்சி. ஆனால், ஓர் ஆசிரியை ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்க முடியும் என்பதே விளங்காமல் திகைத்து நின்ற பெண்ணொருவர் இருந்தார். அவரே பின்னர் கல்கத்தா நகரில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை ஒன்றை அமைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனைக் கட்டிக் காத்தார். அவர்தான் பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன். நம் வீடுகளில் ருகையா என வழங்கும் பெயரையே வங்காள மக்கள் ரொக்கேயா என்று உச்சரிக்கின்றனர்.

ரொக்கேயா 1880ஆம் ஆண்டு, இன்றைய பங்களாதேஷில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்த் கிராமத்தில் செல்வாக்குள்ள ஜமீன்தார் குடும்பமொன்றில் பிறந்தார். ஆண் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலக் கல்வி பெற்றனர். பெண் பிள்ளைகளுக்கோ குர்ஆன் ஓதவும் ஓரளவு உருது வாசிக்கவும் தெரிந்தால் போதும் என்று கருதப்பட்டது. வீட்டுக்கு அறிமுகமற்ற பெண்கள் வந்தால்கூட ஐந்து வயதுச் சிறுமியான ரொக்கேயா ஓடி ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவருடைய மூத்த சகோதரி கரீமுன்னிஸா, சகோதரர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, முற்றத்து மண்ணில் கோடு கீறியே வங்காள எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். அவர் வங்காள நூலொன்றை வாசிப்பது வெளியே தெரிந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டது. சிறு வயதிலேயே திருமணமும் முடிந்தது. ரொக்கேயாவுக்கு அந்த நிலை வராமல் காத்தவர் மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர். வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார். ரொக்கேயா கண்ட முதல் வகுப்பறை அதுவே. அங்கே மணியும் இல்லை, பரீட்சையும் இல்லை. கற்பிக்க விரும்பிய ஒருவரும் கற்கத் துடித்த ஒருவரும் மட்டுமே இருந்தனர். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. தமது பத்மராக் நாவலைச் சகோதரருக்கும், மோதிசூர் நூலின் இரண்டாம் பாகத்தைச் சகோதரிக்கும் சமர்ப்பணம் செய்தார்.

1898இல் பாகல்பூரைச் சேர்ந்த சையித் சகாவத் ஹுசைனை மணந்தார். வயதில் மிக மூத்தவரும் அரசாங்க அதிகாரியுமான அவர், மனைவி வாசிப்பதையும் எழுதுவதையும் ஊக்குவித்தார். கணவர் கடமை நிமித்தம் வெளியூர் சென்றிருந்த ஒரு பொழுதில் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்ற கதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த மாதர் சஞ்சிகையில் அச்சேறியது. பெண்கள் பல்கலைக்கழகங்களில் கற்று, சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை ஆளும் கற்பனை உலகம் அது. அதனை எழுதியவரோ ஒரு நாளேனும் பாடசாலைக்குச் செல்லாதவர்.

இன்பத்தோடு துன்பமும் வந்தது. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. 1909இல் கணவரும் காலமானார். பெண் பிள்ளைகளின் கல்விக்கென அவர் பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கியிருந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி, பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் கணவர் பெயரில் பாடசாலையைத் தொடங்கினார். குடும்பத்துச் சொத்துப் பிணக்குகளால் அங்கே தொடர முடியவில்லை. கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, 1911 மார்ச் 16ஆம் திகதி வலியுல்லா லேனில் எட்டு மாணவிகளுடன் மீண்டும் ஆரம்பித்தார்.

இங்கேதான் தொடக்கத்தில் கூறிய திகைப்பு எழுந்தது. இரவில் தனியாகக் கற்றவருக்கு வகுப்பறை என்பது அந்நியமாயிருந்தது. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. எல்லாம் தெரிந்தவர் போல் நடிக்கவும் இல்லை. நகரிலிருந்த பிற சமூகத்தாரின் பெண்கள் பாடசாலைகளுக்குச் சென்று, பாடம் நடத்தப்படும் முறையையும் நிர்வாகம் நடைபெறும் விதத்தையும் ஒரு மாணவியைப் போலக் கவனித்து அறிந்தார். கற்றதைத் தம் பாடசாலையில் செயற்படுத்தினார். ஆசிரியைகள் கிடைக்காதபோது, கிடைத்தவர்களைத் தாமே பயிற்றுவித்தார்.

பிள்ளைகளைச் சேர்ப்பது அதைவிடக் கடினமாயிருந்தது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். பர்தாவுக்குக் குறைவு வராமல், மூடிய வாகனத்தில் அழைத்துச் செல்வதாக உறுதியளித்தார். அவ்வாறே முற்றாக அடைக்கப்பட்ட பஸ் வண்டியொன்று வந்தது. முன்னும் பின்னும் சிறு வலைக்கம்பித் துவாரங்கள் மட்டுமே இருந்தன. முதல் நாளே பிள்ளைகள் இருட்டில் அழுதனர், சிலர் வாந்தி எடுத்தனர், சிலர் மயங்கினர். பக்கப் பலகைகளைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டபோது, காற்றில் திரை அசைகிறது, இது பர்தாவாகாது என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. திறந்தால் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவர். மூடினால் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்.

இந்நிகழ்வைப் பின்னர், 1931இல் வெளிவந்த அவரோத்பாசினி என்ற நூலில் வேதனையும் நகைச்சுவையும் கலந்து பதிவு செய்தார். அவரே தலையை மூடி ஒழுக்கம் பேணியவர். மார்க்கம் கேட்கும் நாணத்துக்கும் மனிதர் தம் அச்சத்தால் கூட்டிக்கொண்ட அடைப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, அவர் இந்தப் பிள்ளைகளின் மூச்சுத் திணறலில் கண்டார்.

இத்தகைய அனுபவங்களிலிருந்தே அவரது கல்விக் கொள்கை உருப்பெற்றது. பொருள் விளங்காமல் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிப்பது கல்வியாகாது என்றார். குர்ஆனை ஓதுவதோடு அதன் கருத்தையும் தாய்மொழியில் அறிய வேண்டும் என வலியுறுத்தினார். அறிவோடு உடலும் கையும் வளர வேண்டும் என்பதற்காக மொழிப் பாடங்களுடன் உடற்பயிற்சி, தையல், சமையல், நோயாளர் பராமரிப்பு, தோட்டக்கலை ஆகியவற்றையும் சேர்த்தார். பாடசாலைக்கு வர முடியாத தாய்மாரையும் அவர் விட்டுவிடவில்லை. 1916இல் முஸ்லிம் மாதர் சங்கமொன்றை நிறுவி, சேரிப் பகுதிகளிலிருந்த ஏழைப் பெண்களின் வீடுகளுக்கே எழுத்தறிவைக் கொண்டு சென்றார். அதே ஆண்டளவில் எட்டாக இருந்த மாணவியர் தொகை நூறைத் தாண்டியது. 1930 அளவில் அது பத்து வகுப்புகளும் கொண்ட உயர்தரப் பாடசாலையாக வளர்ந்தது.

1932 டிசெம்பர் 9ஆம் திகதி ரொக்கேயா இறையடி சேர்ந்தார். முந்திய இரவு வரை எழுதிக்கொண்டிருந்த, பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை அவரது மேசையில் முற்றுப்பெறாமல் கிடந்தது. அவர் நாட்டிய பாடசாலை இன்றும் கல்கத்தாவில் இயங்குகிறது.

சகோதரிகளே, தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, பிற வகுப்பறையில் போய்க் கற்ற துணிவே அவரை ஆசிரியையாக்கியது. விளங்காத பாடத்தில் கை உயர்த்திக் கேட்பதற்கு நாம் ஏன் கூச வேண்டும்? பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை புள்ளிகள் என்று கேட்கிறோம். அதற்கு முன், இன்று என்ன விளங்கியது, எது கஷ்டமாயிருந்தது என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். வண்டிக்குள் இருந்த பிள்ளையின் மூச்சைக் கேட்டபோதுதான் ரொக்கேயாவுக்கும் வழி புலப்பட்டது.