கடல் நீலமும் முத்தின் ஒளியும்

மின்னோட்டத்தை ஆம்பியரில் அளக்கிறோம். அழுத்தத்தைப் பாஸ்கலில் அளக்கிறோம். இரண்டும் பிரெஞ்சு விஞ்ஞானிகளின் பெயர்கள். நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர் பெயரும் இவ்வாறே உலகத்து ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. அவர்தாம் சர் சி. வி. இராமன்.

இவர் 1888 நவம்பர் 7-இல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியானார். ஆபீசுக்குப் போகுமுன்பும் திரும்பிய பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்வார். பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1917-இல் அப்பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். இதை என் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

1921-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நிழலே கடலின் நீலம் என்பது அக்காலத்துக் கொள்கை. இராமன் ஒரு பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை மறைத்தார். அப்போதும் நீலம் போகவில்லை! நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார். (நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும் பெரிய காரணம் என்று இன்று அறிவோம்.)

அன்று தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28-இல் பலித்தது. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். நம் கைரேகை போல. இதுவே இராமன் விளைவு. மாறிய ஒளி இராமன் சிதறல். அதைப் பிரித்துக் காட்டுவது இராமன் நிறமாலை. 1930-இல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் அவருடன் இருட்டறையில் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். முதல் கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. விளைவுக்கோ ஒரு பெயர்தான். மாஸ்கோவிலும் இருவர் அதே ஆண்டில் இதைக் கண்டனர். ருஷ்ய நூல்களில் இது வேறு பெயரால் வழங்குகிறது. கிருஷ்ணனை நினைத்தால் எனக்கு வருத்தமே.

நம் ஊருக்கு நெருங்கிய செய்தி ஒன்று. இராமன் பெங்களூருக்குச் சென்றபின் சிப்பியின் உட்புறத்தையும் முத்தையும் ஆராய்ந்தார். மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால்தான் அவற்றில் வண்ணங்கள் ஓடுகின்றன. 1970-இல் அவர் மறைந்தார். இன்று முத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்களா என்பதை, முத்தை உடைக்காமலே, இராமன் நிறமாலையால் கண்டுபிடிக்கிறார்கள்.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். என் பாட்டியின் கம்மலில் ஒரு முத்து இருக்கிறது. சன்னலருகே திருப்பினால் ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பும் மற்றோர் ஓரத்தில் பச்சையும் தெரியும். அதைப் பரிசோதிக்கலாமா என்று கேட்டேன். சலாபத்து முத்துக்குப் பரிசோதனை எதற்கு என்று பாட்டி கம்மலை வாங்கி மாட்டிக்கொண்டார்.