கிடங்கில் கிடந்த பதிவேடுகள் காட்டிய கடல்வழி

போக்குவரத்துத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வர விரும்பும் என் வயது மாணவர்களிடம் பேசினால், தரவு அறிவியல், கணினி, தளவாடம் ஆகிய சொற்கள் தவறாமல் வரும். அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும், எந்தக் கப்பல் எந்தத் துறைமேடையில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் இன்று தரவுகளே முடிவு செய்கின்றன. அதனால் இது நம் தலைமுறையில் பிறந்த தொழில் என்று பலர் நினைக்கிறோம்.

தரவுப் பொறியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மேத்யூ ஃபான்டேன் மோரியைப் பற்றி எனக்குத் தெரியவந்தது. கணினி இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கான கப்பல்களின் குறிப்புகளைத் திரட்டி, உலகக் கடற்பயணத்தின் வேகத்தையே மாற்றியவர் அவர். கடலின் வழிகாட்டி என்று போற்றப்பட்டவர். அவருடைய வாழ்க்கையில் நாம் பின்பற்ற வேண்டியவையும் உண்டு, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

கடலுக்குப் போன இளையர்

மோரி 1806ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் டென்னசி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. வசதியான குடும்பம் இல்லை. அண்ணன் ஜான் கடற்படை அதிகாரி. அவர் மஞ்சள் காய்ச்சலில் இறந்த பிறகு, இன்னொரு மகனையும் கடலுக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. அந்த எதிர்ப்பையும் மீறி, 1825ஆம் ஆண்டு, 19 வயதில் மோரி கடற்படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார்.

அப்போது அமெரிக்கக் கடற்படைக்கு முறையான பயிற்சிக் கல்லூரி கிடையாது. கப்பலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். மோரி அப்படித்தான் கணிதமும் கடல்வழி அறிவியலும் பயின்றார். உலகைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸில் அவரும் இருந்தார். அந்தப் பயணம் 1830ஆம் ஆண்டு முடிந்தது.

அடுத்த ஆண்டு ஃபால்மவுத் என்ற கப்பலில் வழிசெலுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றி அந்தக் கப்பல் பசிபிக் பெருங்கடலுக்குப் போக வேண்டும். புயலுக்குப் பேர்போன இடம் அது. அங்கு எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசும், நீரோட்டம் எப்படி இருக்கும் என்று தேடிய மோரிக்கு உருப்படியான நூல் எதுவும் கிடைக்கவில்லை. அவ்வழியே எத்தனையோ கப்பல்கள் போய்வந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு கப்பல் தலைவரும் கற்றது அவரோடே நின்றுவிட்டது. அந்தக் குறை மோரியின் மனத்தில் தங்கிவிட்டது. ஹார்ன் முனைப் பயணம் பற்றி 1834ஆம் ஆண்டு கட்டுரை எழுதினார். இரண்டு ஆண்டுகளில் கடல்வழி அறிவியல் பற்றிய பாடநூலையும் வெளியிட்டார்.

கால் முறிந்தது, வேலை மாறியது

1839ஆம் ஆண்டு, தம் கப்பலில் சேர நியூயார்க் நோக்கிப் போய்க்கொண்டிருந்த மோரி, ஒஹையோ மாநிலத்தில் குதிரைவண்டி கவிழ்ந்து வலது காலில் படுகாயமடைந்தார். எலும்பு சரியாகக் கூடவில்லை. நடக்க முடிந்தது, ஆனால் நொண்டியபடிதான். 33 வயதில் அவருடைய கடல் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது.

படுத்திருந்த காலத்தில் அவர் எழுதத் தொடங்கினார். கடற்படை நிர்வாகத்தின் குறைகளைப் புனைபெயரில் கட்டுரைகளாக வெளியிட்டார். அவை பரபரப்பாகப் பேசப்பட்டன. எழுதியவர் யார் என்பதும் வெளியே தெரிந்துவிட்டது. 1842ஆம் ஆண்டு, வாஷிங்டனில் இருந்த கடல் வரைபடங்கள், கருவிகளுக்கான கிடங்கின் பொறுப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார்.

கப்பலில் போக ஆசைப்படும் ஓர் அதிகாரிக்கு அது பெருமையான பதவியாகத் தோன்றியிருக்காது. வரைபடங்களை அடுக்கிவைப்பதும் கடிகாரங்களைச் சரிபார்ப்பதும்தான் அந்த இடத்தின் வேலை. ஆனால் அங்கேதான் கடற்படைக் கப்பல்களின் பழைய நாட்பதிவேடுகள் குவிந்துகிடந்தன. எந்த நாளில் கப்பல் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, கடலும் வானமும் எப்படி இருந்தன என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. பயணம் முடிந்தபின் அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர் இல்லை.

ஹார்ன் முனைக்குப் போகும்போது தமக்குக் கிடைக்காமல் போன தகவல் அங்கே மூட்டை மூட்டையாக இருப்பதை மோரி கண்டுகொண்டார்.

பதிவேட்டிலிருந்து வரைபடத்துக்கு

அவர் செய்த வேலையை இன்றைய மாணவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். முதலில் பதிவேடுகளிலிருந்து தேவையான விவரங்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மோரியின் உதவியாளர்கள் அவற்றைக் கையால் எழுதியெடுத்தார்கள். அடுத்து, வெவ்வேறு கப்பல்கள் வெவ்வேறு விதமாக எழுதியவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு, அவற்றை இடவாரியாகவும் மாதவாரியாகவும் தொகுக்க வேண்டும்.

மோரி கடலை ஐந்து பாகை அட்சரேகை, ஐந்து பாகை தீர்க்கரேகை கொண்ட கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு மாதத்திலும், 16 திசைகளில் எந்தத் திசையிலிருந்து எத்தனை முறை காற்று வீசியது என்று எண்ணிக் குறித்தார். ஒரு கேப்டனின் அனுபவம் தற்செயலாக இருக்கலாம். நூறு கேப்டன்களின் பதிவு ஒரே விவரத்தைக் காட்டினால் அதை நம்பிக் கப்பலைச் செலுத்தலாம். 1847ஆம் ஆண்டு வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது.

ஆனால் கப்பல் தலைவர்கள் அதை உடனே நம்பவில்லை. பிரேசிலுக்குப் போகும் கப்பல்கள் அட்லாண்டிக்கின் கிழக்குப் பக்கமாக நெடுந்தூரம் சென்று, பிறகு மேற்கே திரும்புவதே வழக்கமாக இருந்தது. நேராகப் போனால் பிரேசிலின் வடகிழக்கு முனைக்கு அருகே நீரோட்டம் கப்பலை இழுத்துச் சென்றுவிடும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று பதிவேடுகள் காட்டின. 1848ஆம் ஆண்டு பால்டிமோரிலிருந்து புறப்பட்ட ரைட் என்ற கப்பலின் தலைவர் ஜாக்சன் துணிந்து மோரியின் வழியில் சென்றார். வழக்கமாக ஏறத்தாழ 55 நாள் பிடிக்கும் ரியோ டி ஜெனிரோ பயணம் 38 நாளில் முடிந்தது. அந்தச் செய்தி துறைமுகங்களில் பரவியதும் வரைபடத்துக்குக் கிராக்கி வந்தது.

பணமில்லா ஒப்பந்தம்

என்னை மிகவும் கவர்ந்தது மோரி அடுத்து எடுத்த முடிவு. வரைபடத்தை அவர் விற்கவில்லை. பயணத்தின்போது தினமும் காற்று, நீரோட்டம், காற்றழுத்தம், நீரின் வெப்பம் ஆகியவற்றை அச்சிட்ட படிவத்தில் எழுதி அனுப்பச் சம்மதிக்கும் கேப்டனுக்கு வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தார். கப்பல் இருக்கும் இடத்தையும் நாளையும் சீட்டில் எழுதி, போத்தலில் அடைத்துக் கடலில் வீசும்படியும் கேட்டுக்கொண்டார். அந்தப் போத்தல் எங்கே கரை ஒதுங்குகிறது என்பதைக் கொண்டு நீரோட்டத்தின் போக்கை அறியலாம்.

தகவல் கொடுப்பவருக்கு அதன் பயன் திரும்பக் கிடைக்கிறது. பயன் கிடைப்பதால் அவர் கவனமாக எழுதுகிறார். கவனமாக எழுதுவதால் அடுத்த வரைபடம் இன்னும் துல்லியமாகிறது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் இதில் சேர்ந்தன. கடற்படையின் கட்டளை செல்லாத வணிகக் கப்பல்களையும் திமிங்கில வேட்டைக் கப்பல்களையும் மோரி இப்படித்தான் தம் பக்கம் இழுத்தார்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததாகச் செய்தி பரவி, மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். நியூயார்க்கிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றி சான் ஃபிரான்சிஸ்கோ போகச் சராசரியாக 180 நாளுக்கு மேல் ஆனது. மோரியின் வரைபடங்களைப் பயன்படுத்திய கப்பல்கள் அதைவிட ஒரு மாதத்துக்கும் மேல் முன்னதாகப் போய்ச் சேர்ந்தன. 1851ஆம் ஆண்டு ஃபிளையிங் கிளவுட் என்ற பாய்மரக் கப்பல் அந்தத் தூரத்தை 90 நாளுக்குள் கடந்து சாதனை படைத்தது. அதற்கு வழிசெலுத்தியவர் கேப்டனின் மனைவி எலினோர் கிரீசி. தந்தையிடம் கடல்வழிக் கலையைக் கற்ற அவர், மோரியின் வரைபடங்களைப் பயன்படுத்தினார். நல்ல தரவும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் சேர்ந்ததால் வந்த வெற்றி அது.

பத்து நாடுகள், ஒரே படிவம்

அமெரிக்கக் கப்பல்கள் மட்டும் எழுதினால் போதாது என்பது மோரிக்குத் தெரியும். அவருடைய முயற்சியால் 1853ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரசல்ஸ் நகரில் அனைத்துலக மாநாடு கூடியது. பெல்ஜியப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்லே தலைமை தாங்கினார். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, நெதர்லாந்து உட்பட 10 நாடுகளின் பேராளர்கள் கலந்துகொண்டு, கடலில் வானிலையைப் பதியப் பொதுவான படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். அரசியலில் ஒன்றையொன்று சந்தேகித்த நாடுகள் ஒரே கட்டத்தில் ஒரே அளவீட்டை எழுத ஒப்புக்கொண்டது சாதாரண செய்தியல்ல. அனைத்துலக வானிலை ஒத்துழைப்பின் தொடக்கமாக இந்த மாநாடு கருதப்படுகிறது.

1854ஆம் ஆண்டு ஆர்க்டிக் என்ற நீராவிக் கப்பல் பனிமூட்டத்தில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியதில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு மோரி, வட அட்லாண்டிக்கில் கிழக்கே போகும் நீராவிக் கப்பல்களுக்கு ஒரு பாதையும் மேற்கே போகும் கப்பல்களுக்கு வேறொரு பாதையும் வகுத்துக் காட்டினார். இன்று மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் எதிரெதிர்த் திசையில் செல்லும் கப்பல்கள் தனித்தனிப் பாதையில் போகும் ஏற்பாடும் அதே எண்ணத்தைச் சேர்ந்ததுதான். கடலின் ஆழம் பற்றி அவர் திரட்டிய தகவல், அட்லாண்டிக்கின் அடியில் தந்திக் கம்பி பதிக்க நினைத்தவர்களுக்கும் ஊக்கமளித்தது.

பாராட்டோடு நிறுத்த முடியாதது

இவ்வளவு சாதித்தவரும் சறுக்கினார். 1855ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கடற்புவியியல் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் விவரங்களைத் திரட்டுவதில் காட்டிய கட்டுப்பாட்டை அவற்றை விளக்குவதில் அவர் காட்டவில்லை. வடதுருவத்தைச் சுற்றிப் பனியில்லாத கடல் இருப்பதாக நம்பினார். அது தவறு என்று பிற்காலப் பயணங்கள் காட்டின. கையில் நிறையத் தரவு இருப்பதாலேயே நம் முடிவு சரியாகிவிடாது.

அதைவிடக் கனமான செய்தி ஒன்று உண்டு. 1850களில் அமேசான் பகுதியைப் பற்றி மோரி ஆர்வத்தோடு எழுதினார். அங்கே ஆய்வுக்குப் போன அதிகாரிகளில் ஒருவர் அவருடைய மைத்துனர் வில்லியம் லூயிஸ் ஹெர்ன்டன். அந்த ஆர்வத்துக்குப் பின்னால் இருந்தது அறிவியல் மட்டுமல்ல. அமெரிக்காவின் தென்மாநில முதலாளிகள் தங்கள் கறுப்பின அடிமைகளோடு அங்கே குடியேறலாம் என்பது அவருடைய எண்ணம். 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதும் அவர் அமெரிக்கக் கடற்படையிலிருந்து விலகி, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். மின்சாரத்தால் வெடிக்கும் கடற்கண்ணிவெடிகளை உருவாக்குவதில் ஈடுபட்டார். கப்பல்களைக் காக்க வழி சொன்னவர், கப்பல்களை மூழ்கடிக்க வழி தேடினார்.

தென்தரப்பு தோற்றது. மோரி மெக்சிகோவிலும் இங்கிலாந்திலும் சில காலம் வாழ்ந்தார். 1868ஆம் ஆண்டு வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பேராசிரியரானார். 1873ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி காலமானார். ரிச்மண்ட் நகரில் அவருக்கு எழுப்பப்பட்ட சிலை 2020ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்கு 2023ஆம் ஆண்டு முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பெயர் சூட்டப்பட்டது.

இளையர்களுக்கு மூன்று கேள்விகள்

சிலையை அகற்றியது சரியா என்று நண்பர்கள் விவாதிக்கும்போது நான் சரி என்ற பக்கம் நிற்கிறேன். சிலை என்பது மரியாதை. ஒருவர் எதற்காக நின்றார் என்பதைப் பொறுத்தே மரியாதை அமைய வேண்டும். ஆனால் அவருடைய வேலையைப் படிப்பதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பதிவேடுகளை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கான கப்பல் தலைவர்களும் மாலுமிகளும். அவர்கள் எழுதிய விவரங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பருவநிலையை அறிய ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. கையெழுத்தில் ஒழுங்காக எழுதி, ஒரே முறையில் தொகுத்த தரவு, தொகுத்தவரின் காலத்தையும் கருத்தையும் கடந்து வாழ்கிறது.

போக்குவரத்திலோ தரவுத்துறையிலோ தலைமைக்கு வர நினைக்கும் என் போன்றவர்கள், எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இந்தத் தகவலைக் கொடுப்பவர் யார்? கொடுப்பதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? நான் கட்டும் இந்தக் கருவி யாருக்காக உழைக்கப் போகிறது?

முதல் இரண்டு கேள்விகளுக்கு மோரி சொன்ன விடை இன்றைக்கும் பாடமாகும் அளவுக்குச் சிறந்தது. மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன விடை தவறு. பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டுக்கான திறன்களைத்தான் கற்றுத் தருகிறார்கள். மூன்றாவதை நாமே கேட்டுப் பழக வேண்டும். வேலையில் சேர்ந்து பொறுப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், படிக்கும் காலத்திலேயே தொடங்குவது நல்லது.