31 வயதில் முதல் வெற்றி... யார் இந்த டேஸி வான்ஸ்?

கிரிக்கெட்ல 31 வயசானாலே, இந்த வேகப்பந்து வீச்சாளர் எப்போ ஓய்வு பெறுவார்னு பேச ஆரம்பிச்சிடுவோம். அமெரிக்க பேஸ்பாலில் டேஸி வான்ஸ் தன் முதல் மேஜர் லீக் வெற்றியைப் பார்த்ததே அந்த வயதில்தான்.

1891-ல் அயோவா மாநிலத்தில் பிறந்து, நெப்ராஸ்காவில் வளர்ந்தவர். 1912-ல் மைனர் லீக்கில் பிட்ச்சராக, அதாவது பந்து எறிபவராக, ஆடத் தொடங்கினார். மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் அடுக்கு அது. 1915-ல் பிட்ஸ்பர்க், நியூயார்க் யாங்கீஸ் என இரண்டு பெரிய அணிகளில் இடம் கிடைத்தது. ஒரு வெற்றிகூட இல்லை. 1918-லும் அதே கதை. எறியும் வேகத்தில் குறையில்லை, கை வலிதான் விடவில்லை. மறுபடி மைனர் லீக்.

1920-ல் நியூ ஆர்லியன்ஸில் சீட்டாட்டம். ஜெயித்த பணத்தை அள்ளும்போது கை மேசை விளிம்பில் இடித்ததாம். வலி தாங்காமல் டாக்டரிடம் ஓட, அறுவை சிகிச்சை நடந்தது. பல வருஷ வலி அதோடு போச்சு!

1921-ல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக 21 வெற்றிகள். அப்பவும் பெரிய அணிகளுக்கு நம்பிக்கை வரவில்லை. புரூக்ளின் அணி கேட்டது ஹாங்க் டிபெரி என்ற கேட்ச்சரை மட்டும்தான். வான்ஸையும் சேர்த்து எடுத்தால்தான் டிபெரி என்றது நியூ ஆர்லியன்ஸ். கிட்டத்தட்ட கொசுறாகத்தான் போனார் மனிதர்.

அந்தக் கொசுறுதான் 1922 முதல் 1928 வரை, தொடர்ந்து 7 சீசன்கள், நேஷனல் லீக்கில் அதிக ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தது. 1924-ல் உச்சம்: 28 வெற்றி, 6 தோல்வி, 262 ஸ்ட்ரைக்-அவுட். பட்டியலில் 2-ம், 3-ம் இடக்காரர்களைக் கூட்டினாலும் அந்த எண் வராது. அதே வருடம் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி .424 என்ற பிரம்மாண்ட பேட்டிங் சராசரி வைத்திருந்தும், சிறந்த வீரர் விருது வான்ஸுக்கே.

கொஞ்சம் குறும்பும் உண்டு. வலது கை உள்சட்டையை நார் நாராகக் கிழித்துவிட்டுக்கொள்வார். எறியும்போது அது படபடக்க, பேட்டருக்குப் பந்து எது, துணி எதுன்னே தெரியாது!

1934-ல், 43 வயதில், செயின்ட் லூயிஸ் அணிக்காக உலகத் தொடரில் ஒரு போட்டியில் பந்து எறிந்தார். அந்த அணி கோப்பையை வென்றது. 1955-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். 1961-ல் புளோரிடாவில் காலமானார்.