கொடைக்கானலில் முடிந்த வாழ்க்கை: கால்டுவெல் 33 வருஷம் கட்டிய சர்ச்சின் கதை!

கொடைக்கானல் ட்ரிப் என்றால் இப்போது லிஸ்ட்டில் பூம்பாறை கட்டாயம் உண்டு. படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள், நடுவில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், வியூ பாயின்ட்டில் நின்று ஒரு ரீல்ஸ். எல்லாம் முடித்து டவுனுக்குத் திரும்பும்போது கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால், புனித பேதுரு ஆலயம் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். மவுன்ட் நெபோ குன்றில் இருக்கிற சர்ச். 1880-களில் அதைக் கட்ட முன்னின்றவர் நமக்குத் தெரிந்த ஆள்தான். ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வந்துபோனவர். ராபர்ட் கால்டுவெல்.

அவர் இறந்ததும் இதே மலையில்தான். 1891 ஆகஸ்ட் 28, வயது 77. ஆனால் அவரை இங்கே புதைக்கவில்லை. உடலை மலையிலிருந்து இறக்கி, திருநெல்வேலிச் சீமையின் தெற்கு மூலையில் இருக்கும் இடையன்குடிக்குக் கொண்டுபோனார்கள். மோட்டார் சாலை வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது. டோலியும் குதிரையும்தான் மலைக்கு வாகனம். இவ்வளவு சிரமப்பட்டு அந்தச் சின்ன ஊருக்கு ஏன் போகணும்? அந்த 'ஏன்'தான் அவருடைய வாழ்க்கை.

கால்டுவெல் பிறந்தது 1814-ல், அயர்லாந்தில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இளவயதில் டப்ளினில் ஓவியம் படித்தார். பிறகு மனசு மாறி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டன் மிஷன் சொசைட்டி என்ற அமைப்பின் மிஷனரியாகக் கப்பல் ஏறினார். 1838 ஜனவரியில் சென்னை. அந்தக் கப்பலில் அவரோடு வந்த இன்னொருவர் சி.பி.பிரவுன். தமிழுக்குக் கால்டுவெல் மாதிரி, தெலுங்குக்காரர்கள் இன்றும் கொண்டாடும் அறிஞர். ஒரே கப்பலில் இரண்டு பேர்! இந்தத் தற்செயலை யாராவது வெப் சீரிஸாக எடுக்கலாம்.

சென்னையில் மூன்று வருஷம் தமிழ் படித்தார். 1841-ல் லண்டன் மிஷனை விட்டு விலகி ஆங்கிலிகன் திருச்சபையில் சேர்ந்தார். இன்றைக்கு நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு அது கிட்டத்தட்ட கட்சி மாறுவது மாதிரி. பிறகு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினார், பெரும்பாலும் நடந்தே. தஞ்சாவூர், திருச்சி, கோவை, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு போனார். நேர்வழி எது என்று தெரியாமல் இல்லை. மக்களையும் அவர்களின் பேச்சையும் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் நோக்கம். வழியில் நீலகிரியில் ஆங்கிலிகன் திருச்சபையின் குருப்பட்டமும் வாங்கிக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? தேரிக்காடு. சிவந்த மணல், காற்றடித்தால் இடம் மாறும் மேடுகள், கண்ணுக்கு எட்டியவரை பனை. பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி காய்ச்சிப் பிழைப்பு, மற்ற மாதங்களில் கடன். பனையேறும் நாடார் குடும்பங்களே பெரும்பான்மை. கால்டுவெல் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர் முதலில் செய்தது பிரசங்கத்தைவிட ஒரு டவுன் பிளானர் செய்கிற வேலை. நிலம் வாங்கி, நேர் நேராகத் தெரு போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டார். இடையன்குடியின் நேரான தெருக்கள் அப்போது வந்தவை.

1844-ல் கல்யாணம். மணப்பெண் எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மகள். பிறந்ததே நாகர்கோவில் என்பதால் அவருக்குத் தமிழ் சரளம். புத்தகத்தில் தமிழ் கற்ற கணவரைவிட, பெண்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு எலைசாதான் சரியான ஆள். பெண் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி தொடங்கினார். அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பழக்கிய லேஸ் பின்னலை இங்கேயும் சொல்லிக்கொடுத்தார். பனையை மட்டுமே நம்பியிருந்த ஊரில், பெண்கள் கையில் தனியாகக் காசு புழங்க அது ஒரு வழி. என்னைக் கேட்டால், கால்டுவெல் பற்றிய பாடங்களில் எலைசாவுக்கும் ஒரு மார்க்காவது ஒதுக்கணும்.

இப்போது சர்ச். 1847-ல் அஸ்திவாரம் போட்டார்கள். முடிந்தது 1880 ஜூலையில். 33 வருஷம்! கூரிய வளைவுகள், உயர்ந்த ஜன்னல்கள் என்று ஐரோப்பிய கோதிக் பாணியில், தேரிக்காட்டு நடுவில் ஒரு ஆலயம். பணம் வரும், வேலை நடக்கும். பணம் தீரும், வேலை நிற்கும். அஸ்திவாரம் போட்டபோது ஓடி விளையாடிய குழந்தைகள், பிரதிஷ்டை அன்று தங்கள் பிள்ளைகளோடு வந்து நின்றிருப்பார்கள்.

அவரை உலகத்துக்குத் தெரியவைத்த வேலையும் இந்த 33 வருஷத்துக்குள்தான் நடந்தது. 1856-ல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று வரிவரியாக நிறுவிய நூல். இந்த யோசனையை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடணும். ஆனால் 'திராவிட' என்ற சொல்லை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைக்கவைத்தது கால்டுவெல். பிற்பாடு அந்தச் சொல் அரசியலில் எவ்வளவு தூரம் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு புத்தகம் உண்டு. அதைப் பற்றி ஸ்கூலில் சொல்ல மாட்டார்கள். 1849-ல், நாடார்களின் பழைய சாதிப் பெயரைத் தலைப்பில் வைத்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களுக்காக எழுதப்பட்டது அது. அந்த மக்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், பண்பாட்டில் பின்தங்கியவர்கள், பேய் வழிபாட்டுக்காரர்கள் என்கிற தொனி. தன்னோடு தினமும் வாழ்கிறவர்களை, அவர்கள் படிக்கவே போவதில்லை என்ற நினைப்பில் எழுதிய மாதிரி இருக்கும்.

ஆனா, படித்தார்கள். அவரும் அவரைப் போன்றவர்களும் நடத்திய பள்ளிகளே அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருந்தன. முதலில் கொதித்தவர்களில் ஒருவர் சட்டாம்பிள்ளை என்ற உபதேசியார். நாசரேத் மிஷனரியோடு மோதி வெளியேறி, 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர்களின் தயவு இல்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். கால்டுவெல்லின் நூல் கிளப்பிய கோபமும் அந்தப் பிரிவுக்கு ஒரு காரணம். பாண்டியர் வழிவந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்ட நாடார்கள், 1880-களில் மறுப்பு நூல்களாகவும் மனுக்களாகவும் எதிர்ப்பை மேலிடம் வரை கொண்டுபோனார்கள். கடைசியில் கால்டுவெல் அந்தப் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று.

கிணறு வெட்டிக்கொடுத்தவர், பள்ளி கட்டியவர் என்பதற்காக அந்த மக்கள் இதைச் சும்மா விடவில்லை. அதேசமயம் பெரும்பாலானவர்கள் சர்ச்சை விட்டும் போகவில்லை. எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் பிடித்திருக்கிறது.

இடையில் 1877. அந்த வருஷம் மார்ச்சில் அவருக்குப் பிஷப் பட்டம். அதே வருஷம் பெரும் பஞ்சம். நிவாரண வேலை ஒரு பக்கம் நடக்க, அடுத்த ஓராண்டில் அவர் பகுதியில் சுமார் 30,000 பேர் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள் என்பது கணக்கு. கஞ்சிக்காக வந்தார்களா, நம்பிக்கையால் வந்தார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. பசியில் இருப்பவரிடம் அந்த இரண்டையும் பிரித்துக் கேட்பது எப்படி?

விதைத்தது எங்கே போய் நின்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1896-ல் திருநெல்வேலி தனி மறைமாவட்டம் ஆனது. 1912-ல் இதே சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா, ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். யார் பண்பாட்டில் பின்தங்கியவர்கள் என்று அந்த நூல் எழுதியதோ, அந்த நாடார் சமூகத்துப் பிள்ளை. 1947-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், லண்டன் மிஷன் வழிவந்த சபைகள் எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ ஆயின. பாப்டிஸ்ட் சபைகள் அதில் சேரவில்லை, தனிவழியே வளர்ந்தன. ஆக, கால்டுவெல் விட்டுவந்த அமைப்பும் போய்ச் சேர்ந்த திருச்சபையும் 106 வருஷம் கழித்து ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு 2011-ல் அரசு நினைவில்லம் ஆனது.

கடைசிக் காலத்தில் கால்டுவெல் தூத்துக்குடியில் இருந்தார். அங்கே அவர் பெயரில் உள்ள பள்ளி இன்னும் நடக்கிறது. திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதி 1881-ல் வெளியிட்டார். கொற்கையில் மண்ணைத் தோண்டி, பாண்டியர் துறைமுகத்தின் தடயங்களைத் தேடினார். அந்த வயதிலும் சும்மா இருக்கத் தெரியவில்லை. 1891 ஜனவரியில்தான் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலுக்கு வந்தார். குளிர் உடம்புக்கு நல்லது என்று மிஷனரிகள் மலையேறி வரும் வழக்கம் 1845-லேயே அமெரிக்கர்கள் இங்கே இரண்டு பங்களா கட்டியபோது தொடங்கியது. ஆனால் அவருக்குக் கிடைத்த ஓய்வு எட்டு மாதம்கூட இல்லை.

இடையன்குடியில், 33 வருஷம் கட்டிய அந்தச் சர்ச்சுக்குள்ளேயே, பலிபீடத்துக்குக் கீழே அவரைப் புதைத்தார்கள். எலைசா இன்னும் எட்டு வருஷம் இருந்தார். 1899-ல் அவரும் போனபோது, அவருக்கும் அதே ஆலயத்துக்குள் இடம் கொடுத்தது ஊர்.