பா. இராமமூர்த்தி (மருத்துவர்)

இக்கட்டுரை நரம்பறுவை மருத்துவரைப் பற்றியது. பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. இராமமூர்த்தி வேறொருவர்.

பாலசுப்பிரமணியம் இராமமூர்த்தி (சனவரி 30, 1922 – டிசம்பர் 13, 2003) இந்தியாவில் நரம்பறுவை மருத்துவத்தைத் தோற்றுவித்த முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ஆம் ஆண்டில் இத்துறையைத் தொடங்கினார். மூளைக் கட்டி, தலைக்காயம், மூளை இரத்தக்கசிவு, நடுக்குவாதம் முதலியவற்றுக்கு அறுவை மருத்துவம் அளித்ததுடன், பல தலைமுறை நரம்பறுவை மருத்துவர்களையும் உருவாக்கினார். இந்திய அரசின் பத்ம பூசண் விருது பெற்றவர்.

இளமையும் கல்வியும்

இராமமூர்த்தி சீர்காழியில் பிறந்தார். திருஞானசம்பந்தர் பிறந்த ஊராகிய சீர்காழி, கும்பகோணம், தாராசுரம் முதலிய காவிரிப் படுகை ஊர்களைப் போலவே, அக்காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2020 முதல் அது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. இவரது தந்தையாரும் ஒரு மருத்துவர். திருச்சிராப்பள்ளி ஈ. ஆர். உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இராமமூர்த்தி, பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றார். 1947-இல் எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.எஸ். தகுதியைப் பெற்றார்.

இதன்பின் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜி. எஃப். ரோபாதம் என்பவரிடம் நரம்பறுவை மருத்துவப் பயிற்சி பெற்றார். ரோபாதம் தலைக்காயச் சிகிச்சையில் பெயர் பெற்றவர். ஐரோப்பாவின் பல மையங்களைப் பார்வையிட்ட பிறகு, கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் சில மாதங்கள் பணியாற்றினார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்தூண்டலால் ஆராய்ந்து, பேச்சு, இயக்கம் ஆகியவற்றுக்குரிய பகுதிகளைக் கண்டறிந்தவர் பென்ஃபீல்டு.

சென்னையில் தொடக்கம்

இந்தியாவில் நரம்பறுவை மருத்துவத்துக்கெனத் தனித்துறை முதன்முதலாக 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1950 அக்டோபர் 24 அன்று, சென்னை அரசு பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த இயலாத மக்கள் நாடிவரும் அரசு மருத்துவமனையில் இது அமைந்தமை குறிப்பிடத்தக்கது. அதுவரை மூளை அறுவைகளைப் பொது அறுவை மருத்துவர்களே அரிதாகச் செய்துவந்தனர்.

அக்காலத்தில் சி.டி. ஊடுகதிர்ப் படம் கிடையாது. உலகிலேயே முதல் நோயாளிக்கு அப்படம் எடுக்கப்பட்டது 1971-இல்தான். அதற்கு முன்பு, கழுத்துத் தமனியில் சாயமருந்தைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுப்பர். அல்லது மண்டையோட்டில் துளையிட்டு, மூளை அறைகளிலுள்ள நீர்மத்தை அகற்றிக் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பர். இவை நோயாளிக்குத் துன்பமும் ஓரளவு ஆபத்தும் தரக்கூடியவை. எனவே நோயாளியை நேரில் ஆராய்ந்து கட்டியின் இடத்தைக் கணிக்கும் திறமையே மருத்துவரின் முதன்மைக் கருவியாக இருந்தது. மேலைநாட்டு நூல்களில் அரிதாகவே பேசப்பட்ட மூளைக் காசநோய்க் கட்டிகள் இந்தியாவில் மிகுதியாகக் காணப்பட்டன. இவற்றைக் கண்டறியும் முறை பற்றி இராமமூர்த்தி 1961-இல் எம். ஜி. வரதராஜனுடன் இணைந்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

1951-இல் ஜேக்கப் சாண்டி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார். 1970-களில் சென்னையில் உருவான நரம்பியல் நிறுவனம் இவரது முயற்சியின் விளைவாகும். பி. என். தாண்டனுடன் இணைந்து இவர் பதிப்பித்த நரம்பறுவை மருத்துவப் பாடநூல் 1980-இல் வெளிவந்தது.

மூளை இரத்தக்கசிவு

பக்கவாதம் இருவகைப்படும். தமனி அடைபட்டு மூளைக்குக் குருதி செல்லாமல் போவது ஒருவகை. குருதிக்குழாய் வெடித்து மூளைக்குள்ளோ அதைச் சுற்றியோ குருதி கசிவது மற்றொரு வகை. உயர் இரத்த அழுத்தமும், தமனிச் சுவர் வலுவிழந்து பலூன் போல் உப்பும் அனியூரிசம் என்னும் நிலையும் இரண்டாம் வகைக்கு முக்கியக் காரணங்களாகும். அமெரிக்க மருத்துவர் வால்டர் டாண்டி 1937-இல் இத்தகைய புடைப்பின் கழுத்தில் உலோகக் கவ்வியிட்டு அடைத்துக் காட்டினார்.

இந்தியாவில் அனியூரிசம் எந்த அளவுக்குக் காணப்படுகிறது என்பதை ஆராய்ந்த இராமமூர்த்தி, நாட்டின் பல்வேறு மையங்களின் தரவுகளைத் திரட்டி 1969-இல் வெளியிட்டார். மேலைநாடுகளைவிட இங்கு அது குறைவாகக் காணப்படுவதாக அக்கட்டுரை தெரிவித்தது. பிற்காலத்தில் படமெடுக்கும் வசதிகள் பெருகியபோது, கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையும் பெருகியது. மருத்துவமனையை அடையும் முன்பே இறந்தோரும், நோய் கண்டறியப்படாமலே போனோரும் முந்தைய கணக்கில் இடம்பெறாமல் போயிருக்கலாம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இத்தகைய அறுவையால் மீண்டும் குருதி கசிவதைத் தடுக்கலாம்; உறைகட்டியை அகற்றி மூளையின்மீதான அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் அழிந்த நரம்பணுக்களை மீட்க இயலாது. எஞ்சிய மூளைப்பகுதிகள் இழந்த செயல்களை ஓரளவு ஏற்றுக்கொள்வதாலும், இயன்முறைப் பயிற்சியாலுமே நோயாளி முன்னேற்றம் காண்கிறார்.

ஆழ்மூளை அறுவையும் விவாதங்களும்

1960-களில் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், இந்தியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவரான தி. சா. கனகா ஆகியோருடன் இராமமூர்த்தி ஆழ்மூளை அறுவைகளை மேற்கொண்டார். மண்டையைத் திறக்காமல், முப்பரிமாண அளவீட்டின் துணையுடன் மெல்லிய ஊசியை மூளையின் குறிப்பிட்ட புள்ளிக்குச் செலுத்தும் முறை இது. நடுக்குவாதம், கடும் வலி ஆகியவற்றுக்கு இது பயன்பட்டது.

இதே முறை, கட்டுக்கடங்காத மூர்க்கமான நடத்தை கொண்ட நோயாளிகளுக்கும் கையாளப்பட்டது. அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். அமிக்டலா, ஐப்போத்தலாமசு ஆகிய பகுதிகளின் சிறு பாகங்களை அழிக்கும் இவ்வகை அறுவைகள் 600-க்கும் மேற்பட்டவற்றின் முடிவுகளை 1988-இல் இவர் வெளியிட்டார். பெரும்பாலோர் முன்னேற்றம் அடைந்ததாக அதில் கூறப்பட்டது. எனினும், தானே ஒப்புதல் அளிக்க இயலாத நோயாளியின் மூளைப்பகுதியை மீளமுடியாதபடி அழிக்கலாமா என்னும் கேள்வி 1970-களிலிருந்தே உலகெங்கும் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வுகளின் முடிவுகளை எந்த அளவுக்கு ஏற்பது என்பதும் விவாதத்துக்கு உள்ளானது. இந்தியாவின் மனநல நலவாழ்வுச் சட்டம், 2017 நோயாளியின் ஒப்புதலும் மனநல மீளாய்வு வாரியத்தின் அனுமதியும் இன்றி மனநோய்க்கு மூளை அறுவை செய்வதைத் தடைசெய்கிறது.

பிற்காலம்

அரசுப் பணிக்குப் பின், மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி நிறுவிய தன்னார்வ நலவாழ்வுச் சேவை மருத்துவமனையில் ஆசண்ட லட்சுமிபதி நரம்பறுவை மையத்தை உருவாக்கினார். நனவுநிலை, யோகம், இந்திய மெய்யியல் ஆகியவற்றுக்கும் மூளை அறிவியலுக்கும் உள்ள தொடர்பிலும் ஆர்வம் காட்டினார். தமது வாழ்க்கை வரலாற்றை அப்ஹில் ஆல் தி வே என்னும் ஆங்கில நூலாக எழுதினார். 2003-இல் தமது 81-ஆம் அகவையில் காலமானார்.

இவர் காலத்துக்குப் பின்

அழிந்த நரம்பணுக்களை ஈடுசெய்யக் குருத்தணுக்கள் உதவுமா என்பது இவரது மறைவுக்குப் பின் இந்தியாவிலும் ஆராயப்பட்டது. அடைப்பு வகைப் பக்கவாத நோயாளிகள் 120 பேரிடம், அவரவர் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த அணுக்களைக் கொண்டு பல மையங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. சிகிச்சை பாதுகாப்பானதாகவே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் கூடுதல் பயன் காணப்படவில்லை. இரத்தக்கசிவு வகைக்கும் இது நிறுவப்பட்ட சிகிச்சை ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, பக்கவாதத்துக்குக் குருத்தணுக்களை அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டுமே பயன்படுத்தலாம். அத்தகைய ஆய்வில் பங்கேற்கும் நோயாளியிடம் கட்டணம் பெறுவது முறையன்று.