மணலில் கற்ற பாடம்

அன்னிய ஆட்சியின் உத்தியோகஸ்தரைப் போற்றுவது நமது வழக்கமன்று. ஆயினும், தனக்குக் கற்பித்தவரை மறவாத மாணாக்கன் எத்தேசத்தவனாயினும் மதிக்கத் தக்கவனே. ஆகையால் ஸர் ஆர்தர் காட்டனின் சரித்திரத்தைச் சுருக்கிக் கூறுகிறோம்.

1803-ம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821-ல் கம்பெனியாரின் எஞ்சினீயராக இந்தியா வந்தார். அக்காலத்தில் காவிரியின் படுகை மேடிட்டுப் போக, வெள்ளமெல்லாம் தாழ்ந்த கொள்ளிடத்தின் வழியே கடலில் வீழ்ந்தது. தஞ்சை ஜில்லாவின் வயல்கள் நீரின்றி வாடின. கொள்ளிடத்தை மறித்து அணை கட்டினாலன்றி விமோசனமில்லை. ஆனால் ஆழங்காணாத மணலில் அஸ்திவாரம் நிற்பது எங்ஙனம்?

விடை கல்லணையில் இருந்தது. கரிகாற் சோழன் கட்டியதென வழிவழியாக வழங்கும் அவ்வணை 1,000 அடிக்கு மேல் நீளமுடையது. பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தம் பாரத்தால் அமிழ்ந்து உறுதிப்படும் வரை மேலும் மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் இணைத்த வேலை அது. இப்பாடத்தைக் கற்ற காட்டன், 1836-ல் கொள்ளிடத்தின் மேலணையையும் கீழணையையும் முடித்தார். தஞ்சை தழைத்தது. பின்னர், 1833-ம் வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்த கோதாவரிப் பிரதேசத்தில், 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணையை எழுப்பினார்.

பெரும் புகழடைந்த பின்னும் அவர் உண்மையை மறைக்கவில்லை. மணலில் அஸ்திவாரமிடும் வித்தையை இந்நாட்டாரிடமே கற்றதாகவும், அதுவே சென்னை மாகாண அணைகளின் வெற்றிக்குக் காரணமென்றும் எழுதினார். யுத்தத்தில் மட்டும் வல்லவரான வெள்ளையர் பழைய ஏரிகளைச் செப்பனிடவும் அறியாரென்று ஜனங்கள் இகழ்ந்ததையும், அவ்விகழ்ச்சி நியாயமானதே என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ரயில் பாதையினும் கால்வாயே இந்தியாவைக் காக்குமென்று வாதித்ததற்காக, 1878-ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் கண்டனத்துக்கும் ஆளானார். 1899-ல் காலமானார்.

காட்டன் பழமையைக் கும்பிட்டு நிற்கவில்லை. அதனை ஆராய்ந்து, கற்று, விரிவாக்கினார். நாமோ சுதந்திரம் பெற்ற பின்னும் மேனாட்டு நூல்களில் இல்லாததெல்லாம் அறிவன்று என எண்ணுகிறோம். பல ஏரிகள் தூர்ந்து கிடக்கின்றன. மடையின் மர்மமறிந்த முதிய நீர்க்கட்டிகள் கேட்பாரின்றி மறைகின்றனர். கல்லணையைக் கட்டிய கைகளின் பெயர்களை நாம் அறியோம். அவர்தம் வித்தையையேனும் இழவாதிருப்போமாக. அன்னியன் பணிந்து கற்ற இடத்தில், அவர்களுடைய சந்ததியாராகிய நாம் நாணி நிற்பது தகுமா?