தாமதமாக வந்த கோப்பை!

சாலையில் ஓடும் கார்களைப் போன்ற தோற்றமுள்ள கார்களில் நடப்பது, 'ஸ்டாக் கார்' பந்தயம். அமெரிக்காவில் புகழ் பெற்ற இப்பந்தயத்தில் சாதித்தவர், கறுப்பின வீரர் வெண்டல் ஸ்காட்.

வர்ஜீனியா மாநிலம், டான்வில் நகரில், 1921ல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின் போது ராணுவத்தில் பணிபுரிந்தார். டாக்சியும் ஓட்டியுள்ளார். 1952ல், கார் பந்தயத்தில் இறங்கினார். கறுப்பினத்தவர் என்பதால், சில இடங்களில் சேர்க்க மறுத்தனர். அவர் சோர்ந்து விடவில்லை.

'நாஸ்கார்' அமைப்பின் உயர்மட்ட பந்தயங்களில், 1961 முதல் பங்கேற்றார். பெரிய நிறுவனங்கள் உதவ முன்வரவில்லை. பழைய கார்களை வாங்கி, தாமே பழுது பார்த்து ஓட்டினார். மகன்களே உதவியாளர்கள்.

ப்ளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரில், 1963 டிசம்பர் 1ல் நடந்த பந்தயத்தில், எல்லாரையும் முந்தினார். ஆனால், பக் பேக்கர் என்ற வெள்ளையின வீரர் வென்றதாக அறிவித்து, கோப்பையை அவருக்கு கொடுத்து விட்டனர். சுற்றுகளை மீண்டும் எண்ணிய பின், ஸ்காட்டே வென்றவர் என ஒப்புக்கொண்டனர். அதற்குள், கூட்டம் கலைந்து விட்டது. கோப்பையும் போய் விட்டது.

உயர்மட்ட பந்தயத்தில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. கோப்பை கைக்கு வராத நிலையிலும், பந்தயத்தை விடவில்லை. 1973ல், டல்லடேகா பந்தயத்தில் பலத்த காயமடையும் வரை, முழு மூச்சாக ஓட்டினார். மொத்தம், 495 பந்தயங்களில் பங்கேற்றார்.

ஸ்காட், 1990ல் மறைந்தார். 2015ல், 'நாஸ்கார்' புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. 2021ல், வெற்றிக் கோப்பையை குடும்பத்தினரிடம் வழங்கினர்.

குழந்தைகளே... உழைத்தவருக்கு உரிய பாராட்டை, உரிய நேரத்தில் கொடுத்து விட வேண்டும்!